கடலடி எண்ணெய்ப் பணத்தில் கரையோர மாநிலங்களுக்கு என்ன பங்கு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் எண்ணெய்த் தொழிலில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். ரிக், பைப்லைன், ரிசர்வாயர் என்றால் மணிக்கணக்கில் பேசுவார்கள். வெளியே வரும் எண்ணெய்க்கான பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு முழுக்க அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவைப் பற்றியது. 2025 ஜூலையில் வந்த சட்டத் திருத்தங்கள் வரை சேர்த்திருக்கிறேன்.

ராயல்டின்னா கம்பெனி கட்டுற வரி தானே?

வரி இல்லை. கடலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய் பொதுச்சொத்து. அதை எடுத்து விற்பவர் சொத்தின் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் பங்குதான் ராயல்டி. வருமான வரி அதற்குமேல் தனி. குத்தகைக்கு எடுத்த கம்பெனி மூன்று விதமாகப் பணம் கட்டும்: ஏலத்தில் கடற்பரப்பின் ஒரு கட்டத்தை (பிளாக்) எடுக்கும்போது மொத்தமாக ஒரு தொகை (போனஸ்), எண்ணெய் வரும்வரை ஆண்டு வாடகை, வந்தபின் ராயல்டி. மாநிலங்களுக்குப் பங்கு என்று இனி சொல்வதெல்லாம் இந்த மூன்றுக்கும் பொருந்தும்.

ஒரு கிணறு நாளுக்கு 1,000 பீப்பாய் தருகிறது, பீப்பாய் 70 டாலர், ராயல்டி 18.75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்துக் கழிவுகளை விட்டுவிட்டால் ஒரு நாளைய ராயல்டி 13,125 டாலர்.

கடல் யாருக்குச் சொந்தம், ஸ்டேட்டுக்கா சென்ட்ரலுக்கா?

தூரத்தைப் பொறுத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1945இல், கண்டத்திட்டின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த தரை) வளமெல்லாம் அமெரிக்காவுடையது என்று அதிபர் ட்ரூமன் பிரகடனம் செய்தார். 1947இல் கலிபோர்னியா வழக்கிலும், 1950இல் லூசியானா, டெக்சாஸ் வழக்குகளிலும் கரையை ஒட்டிய கடலடி நிலம்கூட மத்திய அரசிடமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலங்கள் கொதித்தன. 1953இல் காங்கிரஸ் இரண்டு சட்டங்கள் போட்டு முடித்துவைத்தது: கரையிலிருந்து 3 மைல் வரை மாநிலத்துக்கு, அதற்கு அப்பால் மத்திய அரசுக்கு.

அந்த 3 மைலுக்குள் எடுக்கும் எண்ணெயின் ராயல்டி முழுக்க மாநிலத்துக்குத்தான். அங்கே பங்கு என்ற பேச்சே இல்லை. சண்டையெல்லாம் கோட்டுக்கு வெளியே. பெரிய ஆழ்கடல் வயல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

டெக்சாஸுக்கு 9 மைல்னு கேள்விப்பட்டேனே?

சரிதான். டெக்சாஸ் 1836 முதல் ஒன்பது ஆண்டுகள் தனி நாடாக இருந்தபோதே தன் கடல் எல்லையை 3 லீக் என்று அறிவித்திருந்தது. 3 லீக் என்பது சுமார் 9 கடல் மைல். 1960இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஃபுளோரிடாவின் வளைகுடாப் பக்கத்துக்கும் அதே தூரம் கிடைத்தது. லூசியானாவும் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. அலபாமா, மிசிசிப்பிக்கும் 3 மைல்தான். டெக்சாஸ் அந்தக் கடலடி நில வருமானத்தைப் பள்ளிக்கூடங்களுக்கான நிரந்தர நிதியில் போட்டு வைக்கிறது. புத்திசாலித்தனமான வேலை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டேட்டுக்கு ஒண்ணுமே கிடையாதா?

ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு இரண்டு வழிகள் திறந்தன. முதலாவது, கோட்டை ஒட்டிய அடுத்த 3 மைல் பட்டை. சட்டப்பிரிவின் பெயரால் 8(ஜி) பகுதி என்பார்கள். கடலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்க்குக் கோடு எதுவும் தெரியாது. மத்திய அரசின் பக்கம் கிணறு போட்டால் மாநிலத்தின் பக்கத்து எண்ணெயும் உறிஞ்சப்படும். இந்தத் தகராறு முற்றி, 1986இல் அந்தப் பட்டையின் வருமானத்தில் 27 சதவீதம் மாநிலத்துக்கு என்று முடிவானது.

இரண்டாவது, 2006இல் வந்த வளைகுடா எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம். ஆங்கிலப் பெயரைச் சுருக்கிப் பேச்சில் எல்லோரும் கோமீசா (GOMESA) என்பார்கள். கத்ரீனா, ரீட்டா புயல்கள் 2005இல் லூசியானாவைப் புரட்டிப்போட்டன. மறு ஆண்டு ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ, பங்கு தராவிட்டால் கடல் குத்தகை ஏலங்களை மறிப்பேன் என்று கிளம்பி, சுற்றுச்சூழல் ஆய்வு போதாது என்று மத்திய அரசின் மேல் வழக்கே போட்டுவிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி சட்டம் கையெழுத்தானது.

கோமீசாவில் பணம் எப்படிப் பிரியுது?

சட்டத்துக்கு உட்பட்ட குத்தகையிலிருந்து 100 டாலர் வந்தால் 50 டாலர் மத்திய கஜானாவுக்கு. 12.50 டாலர் பூங்காக்கள், காடுகளுக்கான நில நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு. மீதி 37.50 டாலர் லூசியானா, டெக்சாஸ், மிசிசிப்பி, அலபாமா நான்குக்கும் சேர்த்து.

அந்த 37.50இல் 30 டாலர் மாநில அரசுகளுக்குப் போகும். 7.50 டாலர் கரையோர கவுண்ட்டிகளுக்கு (லூசியானாவில் பாரிஷ் என்பார்கள்) நேராகப் போகும், மாநிலத் தலைநகர் வழியாக இல்லை. சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் இது. கரையோரத்துச் சின்ன பாரிஷ் தன் பங்குக்காகத் தலைநகரில் போய்க் கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

அப்போ வளைகுடா எண்ணெய்ப் பணம் மொத்தத்துலயும் 37.5 சதவீதம் ஸ்டேட்டுக்கு. நல்ல டீல்தானே?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். "சட்டத்துக்கு உட்பட்ட குத்தகை" என்று மேலே சொன்னதைக் கவனித்தீர்களா? 2006 டிசம்பர் 20க்குப் பிறகு கொடுக்கப்பட்ட குத்தகைகள் மட்டும்தான் கணக்கில் வரும். வளைகுடாவில் நாளுக்குச் சுமார் 18 லட்சம் பீப்பாய் வருகிறது என்றால் அதில் பெரும்பங்கு பழைய குத்தகைகளிலிருந்து பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது. மார்ஸ் வயல் 1996இலேயே உற்பத்தியைத் தொடங்கியது. தண்டர் ஹார்ஸ் 1999இல் கண்டுபிடிக்கப்பட்டது. இவற்றின் பழைய குத்தகைகள் கோடிகோடியாகக் கொட்டினாலும் கோமீசா கணக்கில் ஒரு சென்ட் சேராது.

அதோடு, முதல் பத்தாண்டுக்கு 181 பகுதி என்ற சின்னத் துண்டின் வருமானம் மட்டும்தான் பங்குக்கு வந்தது. பெயருக்கு வந்தது என்றே சொல்லலாம். 2017 நிதியாண்டிலிருந்துதான் மற்றப் புதிய குத்தகைகளும் சேர்ந்தன. அந்தப் பணம் 2018இல் முதல்முறை கைக்கு வந்தபோது நான்கு மாநிலங்களுக்கும் சேர்த்துச் சுமார் 18.8 கோடி டாலர்.

சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எதன்மேல் சதவீதம், எதுவரை சதவீதம் என்ற இரண்டும்தான் கேள்வி. இரண்டாவதற்கு அடுத்த பதில்.

ஏதோ ‘கேப்’ இருக்குன்னு சொல்றாங்களே, அது என்ன?

உச்சவரம்பு. மாநிலங்களின் 37.5 சதவீதமும் பூங்கா நிதியின் 12.5 சதவீதமும் சேர்ந்து ஆண்டுக்கு 50 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்று 2006 சட்டமே எழுதி வைத்தது. அதில் மாநிலங்களின் பாகம் 37.5 கோடி. (சதவீதமும் கோடியும் ஒரே எண்ணாக இருப்பது எதேச்சை இல்லை. புதிய குத்தகைகளின் வருமானம் 100 கோடியைத் தொட்டதும் வரம்பு இடிக்கிறது.) அந்தப் புள்ளிக்கு மேல் எண்ணெய் விலை எகிறினாலும் புது வயல் வந்தாலும் மாநிலத்துக்குக் கூடுதலாகச் சல்லிக்காசு வராது, கஜானாவுக்குப் போய்விடும். 181 பகுதியின் வருமானத்துக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை.

2017 வரிச் சட்டம் 2020, 2021 ஆண்டுகளுக்கு மட்டும் வரம்பை 65 கோடியாக உயர்த்தியது. 2025 ஜூலைச் சட்டம் 2025 முதல் 2034 வரை மறுபடி 65 கோடி ஆக்கியிருக்கிறது. மாநிலங்களின் பாகம் அப்போது 48.75 கோடி. 2035இல் பழையபடி 50 கோடிக்கு இறங்கிவிடும். பணவீக்கத்துக்கு ஏற்ப உயரும் ஏற்பாடு எதுவும் இல்லை. 2006இன் 50 கோடிக்கும் 2050இன் 50 கோடிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நியூ மெக்சிகோவுக்கு இதைவிட நிறையப் போகுதாமே? கடலே இல்லாத ஸ்டேட்டாச்சே!

கடல் இல்லாததுதான் காரணம். மாநிலத்துக்குள் இருக்கும் மத்திய அரசு நிலத்தில் எண்ணெய் எடுத்தால் 1920 குத்தகைச் சட்டத்தின்படி ஏறக்குறையப் பாதி அந்த மாநிலத்துக்கு (அலாஸ்காவுக்கு 90 சதவீதம்). உச்சவரம்பும் கிடையாது, இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயமும் பெரிதாகக் கிடையாது. அண்மை ஆண்டுகளில் நியூ மெக்சிகோவுக்கு மட்டும் இப்படி 250 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. வளைகுடாவின் நான்கு மாநிலங்களும் சேர்ந்து வாங்கக்கூடிய உச்சத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

அரசு சொல்லும் நியாயம்: உள்நாட்டு நிலம் மாநிலத்தின் எல்லைக்குள் இருக்கிறது, மாநிலம் அதன்மேல் சொத்துவரி போட முடியாது, அதற்கு ஈடு இது. கடலோ எல்லைக்கு வெளியே. ஏட்டளவில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலில் எடுக்கும் எண்ணெய் கடலிலேயே தங்குவதில்லை. பைப், லாரி, துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை எல்லாம் கரையில்தான். அந்தச் சுமையை மாநில எல்லைக்கு வெளியே தள்ளிவைக்க முடியாது.

நாலு ஸ்டேட்டுக்குள்ள யாருக்கு எவ்வளவுன்னு எப்படி முடிவு பண்றாங்க?

தூரக் கணக்கு. ஒவ்வொரு குத்தகைக் கட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு மாநிலக் கரையும் எவ்வளவு தூரம் என்று அளந்து, தூரம் குறையக் குறையப் பங்கு கூடும்படி பிரிப்பார்கள். எந்த மாநிலத்துக்கும் 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கரை குட்டையான அலபாமாவும் மிசிசிப்பியும் இதனால்தான் தாக்குப்பிடிக்கின்றன. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் லூசியானாவுக்கு மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

பாரிஷ்களுக்கு வேறு கணக்கு: கால் பங்கு மக்கள்தொகைக்கு, கால் பங்கு கரை நீளத்துக்கு, பாதி தூரத்துக்கு.

ஃபுளோரிடா ஏன் லிஸ்ட்லயே இல்ல?

அவர்கள் பணம் கேட்கவில்லை, பாதுகாப்பு கேட்டார்கள். அவர்களுக்குக் கடற்கரைச் சுற்றுலாதான் சோறு போடுகிறது. அதே 2006 சட்டம் ஃபுளோரிடாக் கரையிலிருந்து 125 மைல் வரை கிழக்கு வளைகுடாவில் குத்தகை விடக் கூடாது என்று 2022 ஜூன் வரை தடை போட்டது. 2020 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அந்தத் தடையை 2032 வரை நீட்டித்தார். எண்ணெய்க்கு ஆதரவான அதிபரும் ஃபுளோரிடா என்று வந்தால் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்.

வந்த பணத்துல ரோடு போடலாமா? சம்பளம் கொடுக்கலாமா?

கண்டபடி செலவழிக்க முடியாது. கரைப் பாதுகாப்பு, சதுப்புநில மீட்பு, புயல் தடுப்பு, மீன்வளத்துக்கும் வனவிலங்குக்கும் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்தல், கடல் எண்ணெய் வேலையால் கரையில் ஏற்பட்ட சுமைக்கான கட்டமைப்பு. பெரும்பாலும் இவைதான். நிர்வாகச் செலவுக்கு 3 சதவீதம்வரை எடுக்கலாம். லூசியானா ஒரு படி மேலே போய், இந்தப் பணம் கரைப் பாதுகாப்பு நிதிக்குத்தான் போக வேண்டும் என்று 2006 செப்டம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. கோமீசா கையெழுத்தாவதற்கு மூன்று மாதம் முன்பே!

ரோடு என்றால் போடலாம், காரணம் பொருந்த வேண்டும். லூசியானா நெடுஞ்சாலை 1இல் தெற்கே போனால் விஷயம் தானாகப் புரியும். கோல்டன் மெடோ ஊர்தான் வெள்ளத் தடுப்புக் கரைக்குள் இருக்கும் கடைசி ஊர். அதைத் தாண்டினால் இருபுறமும் தண்ணீர். தெற்குக் காற்று பலமாக அடித்து ஓதமும் ஏறினால் பழைய சாலையின் மேலேயே தண்ணீர் வந்துவிடும். லீவில் என்ற ஊரிலிருந்து தூண்கள் மேல் உயர்த்திய சுங்கப் பாலம் 2009இல் திறந்தது. முடிவில் ஃபூர்ஷான் துறைமுகம். வளைகுடாவின் ஆழ்கடல் வேலைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தங்களை நம்பித்தான் நடக்கின்றன என்பது துறைமுகத்தார் கணக்கு. ரிக்குக்குப் போகும் குழாய், துளையிடப் பயன்படும் சேறு, டீசல், சோறு எல்லாம் அந்த ஒற்றைச் சாலையில்தான் வர வேண்டும்.

அலாஸ்கா மாதிரி ஆளுக்கு ஒரு செக் வருமா?

வராது. அலாஸ்காக்காரர்களுக்கு ஆண்டுதோறும் வருவது அந்த மாநிலத்துக்கே சொந்தமான நிலத்து எண்ணெயிலிருந்து, முக்கியமாக புருடோ பே வயலிலிருந்து, சேர்த்து முதலீடு செய்த நிதியின் லாபம். இதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சொல்லப்போனால் அலாஸ்காவின் மத்தியக் கடல் எண்ணெய்க்கு 8(ஜி) பட்டையின் 27 சதவீதம் தவிர நிரந்தரப் பங்கு எதுவும் ரொம்ப நாள் இல்லை; குக் இன்லெட் என்ற கடல் பகுதியின் புதிய ஏலங்களுக்கு மட்டும் 2034 முதல் 70 சதவீதம் என்று 2025 சட்டம் சேர்த்தது. கோமீசா வளைகுடாவுக்கு மட்டும்.

பிபி கசிவுக்குக் கிடைச்ச பணமும் இதுதானா?

இல்லை, அது அபராதமும் நஷ்ட ஈடும். 2010இல் பிபி நிறுவனத்துக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 பேர் இறந்தார்கள், 87 நாள் எண்ணெய் கொட்டியது. அந்த வழக்குச் சமரசத் தொகை தனிக் கணக்கு. லூசியானாவின் கரை வேலைகள் பல அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. அது ஒருநாள் தீரும். கோமீசா ஆண்டுதோறும் வருவது, தொகைதான் சின்னது.

எவ்வளவு சின்னது? லூசியானாவின் கரைத் திட்டம் 50 ஆண்டுக்கு 5,000 கோடி டாலர். வரம்பு முழுக்க நிரம்பி ஆண்டுக்கு 20 கோடி வந்தால்கூட 50 ஆண்டில் 1,000 கோடிதான்.

எண்ணெய்க் கம்பெனிக்குக் கால்வாய் வெட்ட விட்டதே லூசியானாதானே? இப்போ நிலம் போச்சுன்னு மத்தவங்ககிட்ட காசு கேட்டா எப்படி?

கேட்க வேண்டிய கேள்விதான். 1932 முதல் 2016 வரை லூசியானாக் கரையோரத்தில் 4,800 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் தண்ணீராகிவிட்டது. 1932இல் இருந்ததில் கால்வாசி. சதுப்பு நிலத்துக்குள் எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்கள் வழியாக உப்புநீர் ஏறிப் புல்லைக் கொன்றது. அந்தக் கால்வாய்களில் பெரும்பாலானவை மாநில எல்லைக்குள் இருந்த கிணறுகளுக்கானவை. ராயல்டி, வரி எல்லாம் மாநிலம் வாங்கிக்கொண்டது. இதை லூசியானா அரசியல்வாதிகள் மேடையில் சொல்வதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றின் இரு கரையிலும் மத்திய அரசு கட்டிய தடுப்புகள் வண்டலைச் சதுப்புக்குப் போகவிடாமல் நேரே ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. நிலம் அமிழ்கிறது, கடல் ஏறுகிறது. கடலிலிருந்து வரும் மத்திய அரசுக் குத்தகைகளின் பைப்லைன்களும் அதே சதுப்பைக் குறுக்கே வெட்டித்தான் வருகின்றன. என் கருத்து: பழியைக் காரணம் காட்டிப் பங்கை மறுப்பதானால் மத்திய அரசும் தன் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முன்னாடியே பெரிய டீல் ஒண்ணு வந்து லூசியானா வேண்டாம்னு சொல்லிடுச்சாமே?

உண்மை. 1949 வாக்கில் சபாநாயகர் சாம் ரேபர்ன் ஒரு சமரசம் பேசினார்: 3 மைலுக்குள் வருமானத்தின் பெரும்பங்கு மாநிலத்துக்கு, அதற்கு வெளியே 37.5 சதவீதம். அப்போது உள்நாட்டு நிலங்களுக்கு இருந்த விகிதமும் அதுதான். லூசியானாவின் செல்வாக்கு மிக்க அரசியல்வாதி லியாண்டர் பெரெஸ், கொடுத்தால் முழுசாகக் கொடு என்று பிடிவாதம் பிடித்தார். டெக்சாஸும் ஒத்துவரவில்லை. 1950இல் தீர்ப்பு இருவருக்கும் எதிராக வந்தது. வளைகுடாவில் ஆழ்கடல் எண்ணெய் பெருகிய காலம் முழுக்க வரம்பே இல்லாமல் வந்திருக்கக்கூடிய அதே 37.5 சதவீதம், 57 ஆண்டு கழித்து வரம்போடு வந்தது.

2025 சட்டத்துல கேப் ஏத்தினாங்க, ஆனா ராயல்டியைக் குறைச்சுட்டாங்களாமே. லாபமா நஷ்டமா?

இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. 2022இல் கடல் ராயல்டிக்குக் குறைந்தபட்சம் 16.67, அதிகபட்சம் 18.75 சதவீதம் என்று வைத்தார்கள். 2025இல் அதை 12.5 முதல் 16.67 வரை என்று இறக்கினார்கள். முதல் பதிலில் பார்த்த கிணறு 12.5 சதவீதக் குத்தகையாக இருந்தால் 13,125 டாலர் 8,750 ஆகிவிடும். பழைய குத்தகைகளின் விகிதம் மாறாது, புதியவற்றுக்குத்தான்.

இன்னொரு பக்கம், வளைகுடாவில் 2040க்குள் 30 ஏலம் நடத்த வேண்டும் என்று கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். முந்தைய ஐந்தாண்டுத் திட்டத்தில் இருந்தது மூன்றே ஏலம். குத்தகை எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றிலும் வருவது குறையும். வரம்பு நிரம்பும் ஆண்டுகளில் மாநிலத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, கஜானாதான் இழக்கும். விலை விழுந்து வரம்புக்குக் கீழே போகும் ஆண்டுகளில் மாநிலமும் சேர்ந்து அடி வாங்கும். கொரோனா ஆண்டில் விலை சரிந்ததும் அடுத்த ஆண்டுப் பங்கு சட்டென்று இறங்கியது ஞாபகம் இருக்கலாம்.

இதை நிறுத்தணும்னு சொல்றவங்க யார்? டெமாக்ரட்ஸா?

கட்சிக் கணக்கு இதில் செல்லாது. ஒபாமாவின் பட்ஜெட்டும் இந்தப் பங்கை ரத்து செய்யப் பரிந்துரைத்தது, டிரம்பின் முதல் பட்ஜெட்டும் பரிந்துரைத்தது. கடல் நாடு முழுமைக்கும் சொந்தம், கடலே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்துக்காரருக்கும் அதில் உரிமை உண்டு என்பது வாதம். கஜானாவைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் பேசுவார். காங்கிரஸ் இரண்டு முறையும் காதில் வாங்கவில்லை.

காற்றாலை வருமானத்தையும் பங்கு போட வேண்டும் என்று செனட்டில் லூசியானாக் குடியரசுக் கட்சிக்காரர் கேசிடியும் ரோட் ஐலண்ட் ஜனநாயகக் கட்சிக்காரர் வைட்ஹவுஸும் சேர்ந்து மசோதா கொண்டுவந்தார்கள். கடற்காற்றாலைக்கு இப்போது 8(ஜி) பட்டையில் 27 சதவீதம் உண்டு, அதற்கு அப்பால் பங்கில்லை. மசோதா நிறைவேறவில்லை.

நம்ம ஊர்ல எப்படி?

இந்திய அரசியல் சட்டத்தின் 297ஆவது பிரிவுப்படி கரையோரக் கடலின் அடியில் இருப்பது முதல் மைலிலிருந்தே ஒன்றிய அரசுடையது. பாம்பே ஹையின் ராயல்டி மகாராஷ்டிரத்துக்குப் போவதில்லை. காவிரிப் படுகையில் கடலுக்குள் எடுப்பதும் அப்படியே. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தரையில் எடுப்பதற்குத்தான் தமிழ்நாட்டுக்கு ராயல்டி. கோமீசா மாதிரி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை.

எங்க பாரிஷ் இந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்குதாம். 2055க்கு மேல என்ன ஆகும்?

வாங்குகிறார்கள். வரப்போகும் பங்கை ஈடாகக் காட்டிப் பத்திரம் வெளியிட்டு, தடுப்புக்கரை வேலையை இப்போதே தொடங்கிவிடுகிறார்கள். புயல் காத்திருக்காது என்பதால் அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் கடன் அடையும்வரை எண்ணெய் விலை குறையக் கூடாது, குத்தகைகள் நிற்கக் கூடாது என்று அந்த பாரிஷ் வேண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

2055 என்பது உச்சவரம்புக்குச் சட்டம் குறித்திருக்கும் கடைசி ஆண்டு. 37.5 சதவீதப் பங்குக்குக் கடைசி ஆண்டு எதுவும் எழுதவில்லை. ஆகவே சட்டம் இப்படியே இருந்தால் 2056இலிருந்து மாநிலங்களுக்கு வரம்பில்லாத 37.5 சதவீதம் வரும். அப்போது வளைகுடாவில் எண்ணெய் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது அதன் மதிப்பு.